காதுக்குள் பொருந்தும் இயர்ஃபோனின் ஒலியையும் வசதியையும் சோதித்தறியும் முறை

காதுக்குள் செருகும் இயர்ஃபோனை மதிப்பிட முற்படும் பலரும் முதலில் பிடித்த பாட்டொன்றை ஒலிக்கவிட்டு, பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி போதுமா, குரல் தெளிவா என்று பார்க்கிறார்கள். அது காதில் எப்படி அமர்ந்திருக்கிறது என்ற கேள்வியைக் கடைசிக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். இவ்வகை இயர்ஃபோனில் ஒலி உருப்பெறும் இடத்தின் ஒரு பாதி கருவிக்குள்ளும் மறுபாதி கேட்பவரின் செவிக்குழாய்க்குள்ளும் இருக்கிறது. முனையில் மாட்டும் மென்மையான உறையான டிப்புக்கும் செவிப்பறைக்கும் இடையில் அடைபடும் சிறிதளவு காற்றைத்தான் இயர்ஃபோன் அழுத்தியும் தளர்த்தியும் அசைக்கிறது. அந்த அடைப்பில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் காற்று கசிந்து, கசிவோடு பேஸும் போய்விடுகிறது. எனவே பொருத்தம் சரியாவதற்கு முன் ஒலியைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பு எதுவும் அந்தக் கருவியைப் பற்றிய தீர்ப்பாகாது. வசதியையும் ஒலியையும் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. இரண்டும் ஒரே தொடர்பின் இரு முனைகள்.

பொருத்தத்தைச் சரிசெய்தல்

வளர்ந்தவர்களின் செவிக்குழாய் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளமும் 7 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. அது நேர்க்கோட்டில் செல்வதில்லை. மெல்ல வளைந்து செல்கிறது. வெளிப்புறத்தின் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பால் ஆனதால் சற்று நெகிழும். அதற்கு உள்ளே எலும்பின் மீது மெல்லிய தோல் மட்டுமே போர்த்தியிருப்பதால் சிறு அழுத்தம்கூட அங்கே வலிக்கும். ஒருவருடைய இரு காதுகளும் ஒரே அளவில்தான் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே பெட்டியில் வரும் டிப்புகளில் நடுத்தர அளவு ஏற்கெனவே மாட்டப்பட்டிருக்கிறது என்பதற்காக அதையே வைத்துக்கொண்டு சோதனையைத் தொடங்கக் கூடாது. இடக்காதுக்கு நடுத்தரமும் வலக்காதுக்குப் பெரியதும் பொருந்துவது சாதாரணமாக நடப்பதே. அப்படி இருவேறு அளவுகளை மாட்டிக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை.

செருகும்போது மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, செவிமடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்தால் குழாயின் வளைவு ஓரளவு நிமிரும். அந்நிலையில் இயர்ஃபோனைச் சற்றுத் திருகியபடி உள்ளே செலுத்தி, பிறகு மடலை விட்டுவிட வேண்டும். சிலிக்கான் டிப்புக்கு இவ்வளவே போதும். ஃபோம் டிப்பை முதலில் விரல்களுக்கிடையே உருட்டி ஒல்லியாக்கி உள்ளே வைத்து, அது விரிந்து குழாயை நிரப்பும் வரை ஏறத்தாழ அரை நிமிடம் விரலால் தாங்கிப் பிடிக்க வேண்டும். உருட்டாமல் அப்படியே திணிப்பவர்களே ஃபோம் டிப் நிற்பதில்லை என்று குறை கூறுகிறார்கள். செருகும் வேளையில் காதருகே மெல்லிய தாளைக் கசக்குவது போன்ற சத்தம் கேட்டால், அடைபட்ட காற்று உள்ளே இருக்கும் ஒலித்தகட்டை வளைக்கிறது என்று பொருள். காற்று வெளியேறப் போதிய துளை வைக்கப்படாத கருவிகளில் இது நேர்கிறது. சற்று மெதுவாகச் செருகியும் அது தொடர்ந்தால் அதைக் குறையாகவே குறித்துக்கொள்ளலாம்.

அடைப்பு முழுமையாக இருக்கிறதா என்பதை அறிய 40 ஹெர்ட்ஸ் அளவிலான தொடர் ஒலியைக் குறைந்த ஒலியளவில் ஓடவிட்டு, இயர்ஃபோனின் முதுகில் உள்ள காற்றுத்துளையை மூடாமல், விரலால் உள்நோக்கி மிக இலேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியவுடன் ஒலி பெருகினால் அதுவரை கசிவு இருந்தது என்று கொள்ளலாம். அழுத்தியும் மாற்றமில்லையெனில் அடைப்பு நன்றாக உள்ளது. அடுத்ததாக, அதே ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்து மூடுங்கள். தாடையின் மூட்டு செவிக்குழாய்க்கு முன்னால் ஒட்டி அமைந்திருப்பதால், தாடை அசையும்போது குழாயின் வடிவமும் மாறுகிறது. வாய் மூடியிருக்கையில் கச்சிதமாக இருந்த டிப், பேசும்போது கசியத் தொடங்கினால் ஒரு படி பெரியதையோ வேறு வடிவத்தையோ முயல வேண்டும். அதே சமயம் பெரிய டிப்பே நல்ல அடைப்பைத் தரும் என்று எண்ணுவதும் தவறு. அளவு மீறினால் அது குழாய்க்குள் நுழையாமல் வாயிலிலேயே மடிந்து நின்று, கசிவையும் வலியையும் சேர்த்தே தரும்.

சில வயர்லெஸ் இயர்பட்களின் செயலிகளில் பொருத்தச் சோதனை ஒன்று தரப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் மைக் திரும்பி வரும் ஒலியை அளந்து முடிவு சொல்லும் இந்த வசதி பயனுள்ளதுதான். ஆனால் அது அந்தக் கணத்து நிலையை மட்டுமே சொல்லும். அரை மணி நேரம் நடந்த பிறகு அதே டிப் அதே இடத்தில் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். செவித்துளையை அடைக்காமல் வாயிலில் தொங்கும் வகை இயர்ஃபோன்களுக்கு மேற்சொன்ன சோதனைகள் பொருந்தா. அவற்றில் கசிவு வடிவமைப்பின் ஒரு பகுதி.

இடமும் வலமும்

பொருத்தம் அமைந்தபின், ஒருவர் பேசும் பதிவொன்றை, இரு காதுக்கும் ஒரே ஒலி செல்லும் மோனோ நிலையில் ஒலிக்கவிடுங்கள். குரல் தலையின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே கருவியைப் பழிக்காமல், முடிந்தால் இரு துண்டுகளையும் காது மாற்றிச் செருகிப் பாருங்கள். சாய்வு அதே காதின் பக்கம் நின்றால் காரணம் உங்கள் காதோ பொருத்தமோதான். துண்டோடு சேர்ந்து இடம் மாறினால் கருவியில் ஏதோ ஒன்று சரியில்லை. ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட இயர்ஃபோனாயின், அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் முனையின் வலையில் படிந்த காதுக் குறும்பியாகவே இருக்கும்.

வயரைக் கழற்றி மாட்டும் வகையில் இன்னொரு பிழையும் நேரலாம். ஒரு பக்கத்து இணைப்பைத் தலைகீழாகச் செருகிவிட்டால் இரு பக்க ஒலியலைகளும் ஒன்றுக்கொன்று எதிராக அசையும். அப்போது குரல் நடுவில் நில்லாமல் தலை முழுவதும் பரவிக் கிடப்பது போலத் தோன்றும், பேஸ் மெலியும். இதைச் சிலர் விரிந்த ஒலிமேடை, அதாவது இசை பரந்த இடத்தில் நிகழ்வது போன்ற உணர்வு, என்று பாராட்டிவிடுவதும் உண்டு.

ஒலியளவைச் சமப்படுத்துதல்

இரண்டு இயர்ஃபோன்களை ஒப்பிடும்போது சற்று உரக்க ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றும். ஓரிரு டெசிபல் வேறுபாட்டை நம் காது ஒலியளவாக உணர்வதில்லை. தெளிவு, உயிர்ப்பு, செறிவு என்று வேறு பெயர்களில் உணர்கிறது. ஒரே செல்பேசியில் ஒலியளவை ஒரே படியில் வைத்துவிட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்பது ஒப்பீடே ஆகாது, ஏனெனில் இரண்டின் உணர்திறனும், அதாவது ஒரே மின்விசைக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதும், ஒன்றாக இராது. பாட்டை விட்டுவிட்டு, நடுத்தரச் சுருதியில் பேசும் ஒரு குரலை இரண்டிலும் கேட்டு, அக்குரல் இரண்டிலும் ஒரே தொலைவில் இருப்பதாகத் தோன்றும் வரை ஒலியளவைத் திருத்துங்கள். அந்த இரு நிலைகளையும் குறித்து வைத்துக்கொண்டு, ஒப்பீடு முழுவதும் அவற்றிலேயே கேளுங்கள்.

எந்த அளவில் கேட்பது என்பதும் முக்கியம். ஒலி குறையக் குறைய நம் செவிக்குத் தாழ்ந்த அதிர்வெண்கள் மற்றவற்றைவிட வேகமாக மங்குகின்றன. 1933ஆம் ஆண்டில் ஃபிளெட்சர், மன்சன் என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்ட வளைகோடுகள் இதைக் காட்டின, இன்று ஐஎஸ்ஓ 226 என்ற பன்னாட்டுத் தரநிலை இதையே வரையறுக்கிறது. எனவே உரக்க வைத்துக் கேட்டபோது பேஸ் நிறைவாக இருந்த இயர்ஃபோன், இரவில் மெதுவாகக் கேட்கும்போது வெறுமையாகத் தோன்றலாம். நீங்கள் அன்றாடம் எவ்வளவு ஒலியில் கேட்பீர்களோ அந்த அளவிலேயே சோதியுங்கள். அது பாதுகாப்பான அளவாகவும் இருக்கட்டும்: உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் எல்லை, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். அதாவது 83 டெசிபலில் 20 மணி, 86இல் 10 மணி.

கேட்டுப் பார்த்தல்

ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர், சுற்றொலி போன்ற எல்லாக் கூடுதல் வசதிகளையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். சோதனைக்கென்று புகழ்பெற்ற பதிவுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. பல கருவிகளில் பல முறை கேட்டு, எந்த இடத்தில் என்ன வரும் என்று மனப்பாடமாகத் தெரிந்த பாட்டே சிறந்த சோதனைப் பாட்டு. ஆயினும் ஒன்று போதாது. இசைக்கருவி இல்லாத பேச்சு, தாழ்ந்த தோல்வாத்தியம் முன்னால் நிற்கும் ஒரு பாட்டு, பல கருவிகள் ஒருசேர ஒலிக்கும் நெரிசலான இசை, கைதட்டல் அல்லது மழைச்சத்தம் என்று நான்கு வகையாவது கையில் இருக்க வேண்டும்.

பேச்சிலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைக்கிறேன். பாடலின் கலவை எப்படி இருக்க வேண்டும் என்பது ஒலிப்பதிவாளரின் விருப்பம். மனிதக் குரல் எப்படி இருக்கும் என்பதோ நாம் பிறந்தது முதல் அறிந்தது. பேசுபவர் நெஞ்சிலிருந்து பேசுவது போல அளவுக்கு மீறி முழங்கினால் 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி தூக்கலாக இருக்கிறது. மூக்கடைத்தவர் பேசுவது போலவோ தொலைபேசியில் கேட்பது போலவோ இருந்தால் நடுத்தர அதிர்வெண் பகுதியில் ஒரு புடைப்பு உள்ளது. ல, ள, ழ ஆகியவை தெளிவாகப் பிரிந்து கேட்கின்றனவா என்று கவனியுங்கள்; அவை மயங்கினால் நடுப்பகுதியின் மேற்பாதி பின்வாங்கியிருக்கிறது என்று ஊகிக்கலாம். ச, ஷ, ஸ ஒலிகள் காதைக் கீறினால் 5,000 முதல் 9,000 ஹெர்ட்ஸுக்குள் எங்கோ ஒரு முனை எழும்பியிருக்கிறது. ஒரு பதிவில் மட்டும் அப்படிக் கேட்டால் குற்றம் பதிவினுடையது. எல்லாக் குரல்களிலும் கேட்டால் இயர்ஃபோனுடையது.

பேஸைச் சோதிக்கும்போது அளவை விட வடிவத்தைக் கவனிக்க வேண்டும். மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் விழும் ஒரு தட்டுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. தோலில் கை பட்ட கணமும் அதைத் தொடர்ந்து அடங்கும் அதிர்வும் தனித்தனியே கேட்க வேண்டும். எல்லாத் தட்டுகளும் ஒரே மாதிரி ‘தொம்’ என்று வீங்கி அடுத்த தட்டின் மேல் படர்ந்தால், பேஸ் நிறைய இருக்கிறதே தவிர நன்றாக இல்லை. பேஸ் வரும் நேரத்தில் பாடுபவரின் குரல் மங்குகிறதா என்பதையும் கூடவே பாருங்கள். இந்த ஒரு கோளாறு பழகப் பழகவும் மறைவதில்லை என்பது என் எண்ணம்.

உயர்ந்த அதிர்வெண்களுக்குக் கைதட்டலும் மழையும் இசையைவிட நல்ல சாட்சிகள். நூறு பேர் கைதட்டும்போது தனித்தனிக் கைகள் கேட்க வேண்டும். எண்ணெய் கொதிப்பது போன்ற ஒரே இரைச்சலாகக் குழைந்து போனால் நுட்பம் குறைவு. ஜால்ராவின் ஒலி மெல்லத் தேய்ந்து மறைவதற்குப் பதிலாகக் கத்தரித்தாற்போல நின்றால் உச்சப் பகுதி முன்கூட்டியே சரிகிறது. இதில் வயதுக்கும் பங்குண்டு: மனிதச் செவியின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ் என்று நூல்கள் சொன்னாலும் நடுவயதைக் கடந்தவர்களுக்கு அது வெகுவாகக் குறைந்திருக்கும், ஆகவே இளைஞர் ஒருவர் கூர்மையாக இருக்கிறது என்று ஒதுக்கிய இயர்ஃபோன் உங்களுக்கு இயல்பாக இருக்கலாம்.

ஒலிமேடை பற்றிய விவரிப்புகளை எச்சரிக்கையோடு கொள்ளுங்கள். காதுக்குள் செருகும் கருவியில் ஒலி செவிமடலைத் தொடாமலே உள்ளே போகிறது. மடலின் மடிப்புகள் தரும் திசைக்குறிப்புகள் இல்லாமல் போவதால் இசை பெரும்பாலும் தலைக்குள்ளேயே நிகழ்வது போல இருக்கும். அரங்கத்தின் அகலத்தைத் தேடுவதைவிட, ஒரே நேரத்தில் ஒலிக்கும் இரு கருவிகளில் எதை வேண்டுமோ அதைப் பின்தொடர முடிகிறதா என்று பார்ப்பது பயன் தரும்.

இன்னும் நுட்பமாக அறிய விரும்புவோர், 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறிச் செல்லும் ஒற்றைச் சுரத்தைக் குறைந்த ஒலியில் கேட்கலாம். எங்கே திடீரென்று உரக்கிறது, எங்கே காணாமல் போகிறது, தாழ்ந்த பகுதியில் கரகரப்பு ஏதும் உண்டா என்பன இதில் வெளிப்படும். 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஓர் எழுச்சி கேட்டால் பதற வேண்டாம். டிப்புக்கும் செவிப்பறைக்கும் இடையிலான குழாயே அங்கே அதிர்கிறது. இயர்ஃபோனை இன்னும் சற்று ஆழமாகச் செருகினால் அந்த எழுச்சி மேலே நகரும், வெளியே இழுத்தால் கீழே இறங்கும். ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் ஆழ வேறுபாடு ஸகரத்தின் கூர்மையை மாற்றிவிடுவது இதனால்தான். டிப்பை மாற்றினாலும் ஒலி மாறும்: ஃபோம் உச்ச ஒலிகளைச் சற்றுத் தணிக்கும், வாய் குறுகிய சிலிக்கான் டிப்பும் பெரும்பாலும் அவ்வாறே செய்யும். ஆகவே கூர்மையாக இருக்கிறது என்று ஓர் இயர்ஃபோனைத் தள்ளிவைப்பதற்கு முன் டிப்பையும் ஆழத்தையும் மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

முதல் நாள் எழுதிய கருத்தை அப்படியே இறுதியாக்கக் கூடாது. சில நாள் கேட்ட பிறகு ஒலி இனிமையாகிவிட்டது என்று பலரும் சொல்வார்கள். இயர்ஃபோனின் உறுப்புகள் பழகியதாகக் காரணமும் காட்டுவார்கள். பழகியது பெரும்பாலும் கேட்பவரின் செவியும் மூளையுமே என்பது என் கணிப்பு. அதனால் ஒரு வாரம் அதையே கேட்டுவிட்டு, பிறகு உங்கள் பழைய இயர்ஃபோனுக்கு ஒரு முறை திரும்புங்கள். திரும்பும் அந்த முதல் ஐந்து நிமிடத்தில் எது குறைவாகத் தெரிகிறதோ அதுவே புதியதன் உண்மையான நிறை. எது நிம்மதியாகத் தெரிகிறதோ அது புதியதன் குறை.

வரைபடமும் விவரக்குறிப்பும்

ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் இயர்ஃபோன் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று காட்டும் அதிர்வெண் வரைபடங்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவை சொல்வது ஒரு செயற்கைக் காதைப் பற்றி. பெரும்பாலான அளவீடுகள் 1981இல் ஐஇசி 711 (பின்னர் 60711) என்ற எண்ணில் வந்து, இப்போது ஐஇசி 60318-4 என வழங்கும் பன்னாட்டு மின்நுட்பத் தரநிலையைச் சேர்ந்த கருவியில் எடுக்கப்படுகின்றன. 8,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவற்றைப் பெரிதும் நம்பலாம். அதற்கு மேலே உங்கள் குழாயின் நீளமும் செருகிய ஆழமும் வரைபடத்தை விட வலிமையானவை. 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிப் பெரும்பாலான வரைபடங்களில் ஒரு மேடு தெரியும். அது குறையன்று: திறந்த செவிக்குழாய் அவ்விடத்தில் ஒலியை இயல்பாகவே பெருக்குகிறது, டிப் குழாயை அடைத்தவுடன் அந்தப் பெருக்கம் இழக்கப்படுவதால் கருவி அதை ஈடு செய்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்ட ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்ற வரியிலிருந்து அறியக்கூடியது எதுவும் இல்லை.

வயர் உள்ள இயர்ஃபோன்களில், குறிப்பாகப் பேலன்ஸ்டு ஆர்மச்சர் எனப்படும் சிறிய ஒலி அலகுகள் பல கொண்டவற்றில், மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும். இணைக்கும் கருவியின் வெளியீட்டு மின்மறுப்பு அதிகமாயின் ஒலியின் சாயலே மாறிவிடும். அது இயர்ஃபோனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருப்பது நல்லது. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் எஸ்பிசி, ஏஏசி, எல்டேக் முறைகளின் வேறுபாடுகளைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. சரியாகப் பொருந்தாத ஒரு டிப் விளைவிக்கும் கெடுதலோடு ஒப்பிட்டால் அவ்வேறுபாடுகள் அற்பம். பாட்டை நிறுத்திவிட்டு அமைதியான அறையில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கேட்கிறதா என்பதையும், விளையாட்டுகளில் ஒலி காட்சிக்குப் பின்தங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டால் இந்தப் பகுதிக்கு அதுவே போதும்.

அணிந்து பார்த்தல்

வசதியைப் பத்து நிமிடத்தில் அறிய முடியாது. முதல் பத்து நிமிடத்தில் வலிப்பது நிச்சயமாகப் பொருந்தாதது. ஆனால் நாற்பதாவது நிமிடத்தில்தான் தலைகாட்டும் வலியே பெரும்பாலானோரை இயர்ஃபோனைக் கழற்ற வைக்கிறது. ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் அணிந்திருங்கள். இசை ஓட வேண்டும் என்பதுகூட இல்லை. வலி தொடங்கினால் எங்கே என்று விரல் வைத்துச் சொல்லும் அளவுக்குக் கவனியுங்கள். துளைக்குள் சுற்றிலும் வலித்தால் டிப் பெரியது, அதை மாற்றலாம். துளைக்குள் ஓரிடத்தில் மட்டும் ஆழமாக வலித்தால் கருவியின் குழல் நீளமாகவோ தடிமனாகவோ இருந்து எலும்புப் பகுதியைத் தொடுகிறது. குட்டையான டிப் ஓரளவு உதவும். வெளியே செவிமடலின் கிண்ணக் குழிவிலோ, துளைக்கு முன்னால் உள்ள சிறு குருத்தெலும்பு மேட்டிலோ வலித்தால் காரணம் கருவியின் உடல். அதற்கு மாற்று இல்லை. இந்த மூன்றாவது வகை வலியைப் பழகிவிடும் என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

அடைப்பு முழுமையானால் சொந்தக் குரல், மெல்லும் சத்தம், காலடி ஓசை எல்லாம் தலைக்குள் முழங்கும். எலும்பு வழியே வரும் தாழ்ந்த ஒலி வெளியேற வழியின்றிக் குழாயிலேயே தங்குவதால் நேர்வது இது. அமர்ந்து கேட்பவருக்கு இது பொருட்டில்லை. ஓடும்போது கேட்பவருக்குத் தாங்க முடியாத தொல்லை. ஆகவே எந்த வேலையின்போது பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த வேலையைச் செய்தே சோதியுங்கள்: நடங்கள், குனியுங்கள், பேசுங்கள், எதையாவது மெல்லுங்கள். வயர் உடையில் உரசும் சத்தம் காதில் ஏறினால், அதைக் காதின் மேலாகச் சுற்றி அணிந்து பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதை அணிந்தே சோதிக்க வேண்டும், ஏனெனில் கண்ணாடியின் காம்பும் வயரின் கொக்கியும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும்.

இரைச்சல் நீக்கும் வசதி உள்ளவற்றில் சிலருக்குக் காதில் அழுத்தம் இருப்பது போன்ற உணர்வு வரும். அந்த வசதியை அணைத்தும் இயக்கியும் தனித்தனியே அரை மணி நேரம் அணிந்து பார்ப்பது அவசியம். அவ்வசதி வண்டி, மின்விசிறி போன்றவற்றின் தாழ்ந்த இரைச்சலையே நன்றாகக் குறைக்கும். பேச்சொலி போன்ற உயர்ந்த ஒலிகளைத் தடுப்பது பெரும்பாலும் டிப்பின் வேலை. கழற்றிய பிறகும் காதைக் கவனியுங்கள். அரிப்பு, ஈரப்பசை, சிவப்பு ஆகியவை தெரிந்தால் டிப்பின் பொருளோ சுத்தமோ காரணமாக இருக்கலாம். ஃபோமைவிடச் சிலிக்கானைக் கழுவிக் காயவைப்பது எளிது.

ஒலியும் வசதியும் முரண்படும்போது

இரண்டு இயர்ஃபோன்களில் ஒன்று நன்றாக ஒலிக்கிறது, மற்றது நன்றாக அமர்கிறது என்ற நிலை வந்தால், அமர்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியின் குறையை ஈக்வலைசரால் கணிசமாகத் திருத்தலாம். காதின் வடிவத்தைத் திருத்த வழியில்லை. திருத்தும்போது குறைவாக உள்ள பகுதியைத் தூக்குவதைவிட மிகையாக உள்ள பகுதியை இரண்டு மூன்று டெசிபல் குறைப்பது பாதுகாப்பானது. தூக்கியே ஆக வேண்டுமெனில் மொத்த ஒலியளவை அதே அளவு இறக்கி வையுங்கள், இல்லையேல் உரத்த இடங்களில் ஒலி உடைந்து கேட்கும். திருத்தம் முடிந்ததும் பழைய பேச்சுப் பதிவை மீண்டும் கேட்டு, குரல் குரலாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபோம் டிப் சில மாதங்களில் இறுகித் தன் விரியும் தன்மையை இழக்கும் என்பதால், பேஸ் குறைந்துவிட்டதாகத் தோன்றும் நாளில் ஈக்வலைசரைத் தொடுவதற்கு முன் 40 ஹெர்ட்ஸ் சோதனையை ஒரு முறை செய்துபார்த்து, தேவையானால் டிப்பை மாற்றுங்கள்.